பழைய டிவியும் புதிய பாக்ஸும்

2017இல் எங்கள் ஊர்க் கேபிள் டிஜிட்டலுக்கு மாறியபோது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "இனிமே பழைய டிவி ஓடாதாம் சார். ஆயா காயலான் கடையில போட்டுடுச்சு" என்றாள். டிவியில் ஒரு பழுதும் இல்லை. நின்றது அனலாக் சிக்னல்தான். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரைச் செருகிச் செட்டாப் பாக்ஸை இணைத்திருந்தால் அதிலேயே படம் வந்திருக்கும். அறிவியல் ஆசிரியரான நான் இதை முன்பே வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

2019இல் கட்டண முறை மாறியபோது விடவில்லை. முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய்; 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் எவ்வளவு? 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனி விலை. பிள்ளைகள் வீட்டு ரசீதோடு ஒப்பிட்டார்கள். சிலர் வீட்டில் யாருமே பார்க்காத சேனலுக்கும் பணம் போய்க்கொண்டிருந்தது. அந்த மாணவி அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆயாவுக்கு வேண்டிய சேனல்களை அவளே கேட்டு எழுதிக் கேபிள்காரரிடம் கொடுத்தாள்.