வேலையற்றோரும் அரசின் பயிற்சியும்



தொழிலிழந்தவர்க்கு மாதந்தோறும் உதவிப்பணம் அளிக்கும் நாடுகள் பல உள. நம் இலங்கையில் அத்தகைய பொது ஏற்பாடு இல்லை. 'அஸ்வெசும' கொடுப்பனவும் வறுமையைக் கருதி வழங்கப்படுவதேயன்றி வேலையின்மையைக் கருதியதன்று. ஆகவே, நெடுங்காலம் வேலையின்றி இருப்போர்க்கு அரசின் துணை பெரும்பாலும் பயிற்சி என்னும் உருவிலேயே வந்து சேர்கின்றது.

1971ஆம் ஆண்டு டட்லி சியர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழிலாளர் தாபனக் குழு, இந்நாட்டிற் கற்றோர் விரும்பும் வேலை வேறு, கிடைக்கும் வேலை வேறு என்று எடுத்துரைத்தது. அக்கூற்று இன்னும் பழையதாகிவிடவில்லை. 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவிலே வேலையற்ற பட்டதாரிகள் பல நாள் அமர்ந்து போராடினர். 2020இல் அரசு பல்லாயிரம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவுடன் ஓராண்டுப் பயிலுனராக ஏற்றது. அது பல குடும்பங்களின் பசியாற்றிய நற்செயலே. ஆயினும், கந்தோரில் ஒரு நாற்காலி தருவது வேறு, ஒரு தொழிலைக் கற்றுத் தருவது வேறு என்பது என் எண்ணம்.

பட்டதாரியின் துயரையாவது பத்திரிகைகள் எழுதுகின்றன. பாடசாலையை இடைநடுவில் விட்டு, படகு இயந்திரம் திருத்தவும் மேசன் வேலை செய்யவும் தாமே பழகிக்கொண்டோரைப் பற்றி எழுதுவார் யார்? சில வாரம் வேலை. பின்பு பல மாதம் வெறுங்கை. கைத்திறன் உண்டு, அதற்குச் சான்றுதான் இல்லை. வெளிநாடு செல்ல முயன்றாலோ, சான்றிதழ் எங்கே என்ற கேள்வி முன்னே வந்து நிற்கின்றது.

இத்தகையோர்க்கு ஒரு வழி இருக்கின்றது. தேசிய தொழிற் தகைமை முறையில், வகுப்பிற் சேராமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் திறமையை நிறுவி, நான்காம் நிலை வரை சான்றிதழ் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். குறை காணப்படின் அவ்வளவிற்கே பயிற்சி பெற்றாற் போதும். நாட்கூலிக்காரனே இதன் அருமையை நன்கறிவான். ஆறு மாதம் வகுப்பில் இருக்க அவன் வீட்டு அடுப்பு இடங்கொடாதே!

படுவான்கரை மக்கள் மண்முனையிற் பாதையேறி வாவியைக் கடந்த காலம், 2014இல் பாலம் திறந்ததோடு போயிற்று. பாலம் வந்தபின்னும் இச்செய்தி அக்கரைக்குச் செவ்வனே போய்ச் சேரவில்லை. ஆதலின், கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் அயலவர்க்குச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்திலோ, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் அலுவலகத்திலோ விசாரிக்கலாம். வேலை கொடுத்தவர்களின் கடிதமும், செய்து முடித்த வேலையின் படங்களும் இருந்தால் அவற்றையும் கையோடு கொண்டு செல்க.