எல்லா மருந்தையும் ஒரே பையில் போடுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. டாக்டர்களிடம் கேள்வி கேட்பவள். இன்று உங்களிடமே ஒரு கேள்வி. நீங்கள் சாப்பிடும் மருந்துகள் அத்தனையையும் ஒருசேரப் பார்த்தவர் யாராவது இருக்கிறாரா?

நம் மலேசியாவில் ஒரு பெரியவருக்கு மருந்து பல இடங்களிலிருந்து வருகிறது. இரத்த அழுத்தத்திற்கும் இனிப்பு நீருக்கும் சுகாதார கிளினிக். இருதயத்திற்குப் பெரிய மருத்துவமனை. மூட்டுவலி என்றால் தாமானில் உள்ள தனியார் கிளினிக். அங்கே டாக்டரே மருந்தையும் கொடுத்துவிடுவார். போதாததற்குப் பசார் மாலாமில் வாங்கிய ஜாமு மாத்திரை. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது.

இருதயத் துடிப்பு சீராக இல்லாத பலருக்கு வார்ஃபரின் கொடுப்பார்கள். இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வராமல் தடுக்கும் மருந்து இது. ஐ.என்.ஆர். என்ற இரத்தச் சோதனையைப் பார்த்துப் பார்த்துத்தான் அளவு வைப்பார்கள். இதைச் சாப்பிடுபவர், முட்டி வலிக்கிறதென்று பொன்ஸ்டானோ வோல்ட்டரனோ சேர்த்துக்கொண்டால்? இந்த வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கக்கூடியவை. இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் வேலையையும் குறைப்பவை. ஒரு பக்கம் புண், மறுபக்கம் உறைய மறுக்கும் இரத்தம். மலம் தார்போல் கறுத்துப் போனால், உள்ளே இரத்தம் கசிவதாக இருக்கலாம். மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வார்ஃபரினைத் தானாக நிறுத்திவிடவும் வேண்டாம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை; வார்ஃபரின் சாப்பிடுவதைச் சொல்லி, அதற்கேற்ற மருந்தைக் கேட்டு வாங்குங்கள்.

சிறுநீரகத்தையும் இந்த வலி மாத்திரை விடுவதில்லை. வயது கூடக்கூட அதன் வடிகட்டும் திறன் குறைகிறது. பெரின்டோபிரில் போன்ற இரத்த அழுத்த மருந்தும் நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுபவருக்கு, மூன்றாவதாக வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாட்களிலேயே பழுதாகக்கூடும்.

'ஒரே நாளில் வலி பறந்துபோச்சு' என்று யாராவது ஜாமுவைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த பொருள்களைப் பற்றிச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அது இரத்தத்தில் இனிப்பை ஏற்றிவிடும். காரணம் தெரியாத கிளினிக் டாக்டர், இனிப்பு நீர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். நெடுநாள் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இல்லையென்றால் வாங்கவே வாங்காதீர்கள்.

நம் பெரியவர்கள் இதையெல்லாம் ஏன் சொல்வதில்லை? டாக்டர் ஏசுவாரே என்ற பயம்! ஏசினால் ஏசட்டும், ஐயா. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, குளிர்ப்பெட்டி மேலே இருப்பது, தலையணை அடியில் இருப்பது, பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தது என எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மருந்தாளர் முன்னால் கொட்டுங்கள். பிள்ளைகளே, அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போங்கள்.

இன்று நம்மோடு மருந்தாளர் ஒருவரும் இருக்கிறார். பையோடு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.