மென்பொருள் வேலையும் நேர்முகத் தேர்வும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தன் மென்பொருளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். 1980-களின் நடுவில் டில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது முதல் எங்கள் துறையும் மென்பொருளை நம்பியே நடக்கிறது. அன்றியும், நம் சங்கத்துப் பிள்ளைகள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் தேர்வுக்குச் சென்று வருகின்றனர். வென்றவரிடமும் தோற்றவரிடமும் கேட்டறிந்ததையே சொல்லுகிறேன்.

பெரும்பாலும் முதலில் கணினியில் எழுதும் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறினால், பொறியாளர் ஒருவர் கணக்கொன்றைக் கொடுத்துத் தம் கண்ணெதிரே நிரல் எழுதச் சொல்வார். நம் பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இதுவே.

'1000 எண்கள் உள்ள பட்டியலில் ஓர் எண்ணைத் தேடு' என்கிறார் எனக் கொள்வோம். முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தால் 1000 முறை ஒப்பிட நேரலாம். நடுவெண்ணைப் பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, மீதியையும் அவ்வாறே பாதியாக்கிக்கொண்டு போனால் 10 முறைக்குள் முடிந்துவிடும். மனப்பாடம் செய்த பிள்ளை இதனை உடனே எழுதிவிடுகிறான். ஆனால், எண்கள் வரிசைப்படி இருந்தாலன்றோ இம்முறை செல்லும்? அதை அவன் கேட்டானா? பட்டியல் வெறுமையாயிருந்தால் என் செய்வது? அதே எண் இருமுறை வந்தால் எதனைக் காட்டுவது? இவற்றையும் அவன் கேட்கவில்லை. விடை சரியாயிருந்தும் வேலை கிடைக்கவில்லையே என்று பின்னர் வருந்துகிறான்.

பயணச்சீட்டுக் கவுண்ட்டரில் எந்த ஊர், எந்த நாள், எந்த வகுப்பு என்று கேளாமல் எவரேனும் சீட்டு அச்சிடுவரோ? மென்பொருளிலும் அங்ஙனமே. முதலில் கேட்டறிதல் வேண்டும். பிறகே எழுதுதல் வேண்டும்.

இஃது தேர்வுக்கு மட்டும் உரிய தந்திரமன்று. வேலையில் புதிதாக எழுதுவதைக் காட்டிலும், பிறர் எழுதி வைத்ததைப் படித்துத் திருத்துவதே பெரும்பகுதி. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதற்பயணத்தில் சுமார் 40 வினாடிகளில் சிதறியது. ஏரியான் 4-இல் பழுதின்றி ஓடிய நிரற்பகுதியை அப்படியே இதிலும் வைத்திருந்தனர். புதிய ராக்கெட்டின் வேகம் மிகுதி. அதனால் வந்த எண் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. 'இந்நிரல் எந்த எல்லைக்கு எழுதப்பட்டது?' என்னும் கேள்வியை உரிய காலத்தில் எழுப்பி விடை கண்டிருந்தால், அவ்வளவு பொருளும் உழைப்பும் வீணாகியிரா.

ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று வாய்மூடி இருத்தல் கூடாது. எளிய சொற்களில், நினைப்பதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுக. தெரியாததைத் தெரியாதென்று கூறி, தெரிந்த இடத்திலிருந்து மேலே செல்லுக.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பலர் பயன்படுத்தும் ஹோம்புரூ என்னும் மென்பொருளை ஆக்கிய மாக்ஸ் ஹவல், கூகிள் தேர்வில் தாம் ஏற்கப்படாததை 2015-இல் உலகறியச் சொன்னார். ஒரு மணி நேரத் தேர்வு ஒருவரின் முழுத் திறமையையும் அளந்துவிடாது. ஆகவே, தோற்று வரும் பிள்ளையிடம் 'ஏன் தோற்றாய்?' என்று கேளாதீர்கள். 'என்ன கேட்டார்கள், நீ என்ன கேட்டாய்?' என்று கேளுங்கள். அடுத்த தேர்வுக்கு அதுவே நல்ல பயிற்சியாகும்.