அந்த முதல் குரல்

இன்னைக்கு ஒரு பாட்டைப் பத்திப் பேசப்போறேன். சரியாச் சொன்னா, அந்தப் பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முந்தின சில நொடிகளைப் பத்தி.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ். கிங்ஸ் காலேஜ் தேவாலயம். டிசம்பர் 24, அங்கே மதியம் 3 மணி. நமக்கு ராத்திரி எட்டரை. வருஷா வருஷம் அந்த நேரத்தில் அங்கே ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனை நடக்கும்: பைபிளிலிருந்து 9 வாசகங்கள், நடுநடுவே கேரல் பாட்டுகள். 1928-லிருந்து பிபிசி ரேடியோவிலும் வருது.

பாடகர் குழுவில் 16 சின்னப் பையன்கள். பெரும்பாலும் 9 வயசிலிருந்து 13 வரைக்கும். முதல் பாட்டின் முதல் சரணத்தை ஒரு பையன் மட்டும் தனியாப் பாடணும். ஆர்கன் துணைகூடக் கிடையாது. உலகம் பூரா கேட்டுக்கிட்டிருக்கும்.

எந்தப் பையன்? அது அவனுக்கே தெரியாது! சில பேர் தயாராகி நிப்பாங்க. ஒலிபரப்பு தொடங்கப்போற நேரத்துலதான் இசை இயக்குநர் ஒருத்தனுக்குச் சைகை காட்டுவார். முன்னாடியே சொல்லிட்டா பையன் பதற்றத்திலேயே கிடப்பான், அதனால இந்த ஏற்பாடு. ரொம்ப நடைமுறையான காரணம்தான்.

ஆனா எனக்கு ஆன்மிகம்னா இதுதான்னு தோணுது. நான் சர்ச்சுக்குப் போற ஆள் இல்லை. கோயிலுக்கும் எப்பவாவதுதான். என்னை யோசிக்க வைக்கிறது பாடின பையன்கூட இல்லை, பக்கத்துல நின்ன மத்தவங்க. அவங்களும் அதே அளவு பயிற்சி எடுத்தவங்க. சைகை வரலை. அடுத்த நொடியே அவனோட பாட்டைக் கேட்கணும், ரெண்டாவது சரணத்தில் குழுவோட சேர்ந்து பாடணும். முகத்தைத் தூக்கி வெச்சுக்க நேரமே இல்லை. அப்ரைசல்ல பேர் வரலைன்னா நாம எத்தனை நாள் புலம்புறோம்! மூணாவது சரணத்தில் வந்திருக்கிற ஜனங்களும் சேர்ந்துக்குவாங்க. அப்போ அந்த ஒத்தைக் குரல் எங்கே போச்சுன்னே தெரியாது.

இந்த ஆராதனை அங்கே தொடங்கினது 1918 கிறிஸ்துமஸ்ல. முதல் உலகப் போர் முடிஞ்சு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இதை வடிவமைச்ச எரிக் மில்னர்-வைட், போர்முனையில் ராணுவப் பாதிரியாரா இருந்துட்டுத் திரும்பினவர். அந்தக் காலேஜ்லேயே படிச்ச எத்தனையோ இளைஞர்கள் திரும்பி வரலை. வழக்கமான ஜெபம் அந்த ஜனங்களுக்குப் போதாதுன்னு அவர் நினைச்சார். அடுத்த வருஷத்திலிருந்து தொடக்கப் பாட்டா இந்தக் கேரல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து ஜன்னல்களின் பழைய வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தினாங்க. உள்ளே நல்ல குளிர் இருந்திருக்கும். அப்பவும் பாட்டு நிக்கலை. எந்த இடத்திலிருந்து வருதுங்கிறதை மட்டும் ரேடியோவில் சொல்லலை, பாதுகாப்புக்காக.

இன்னொண்ணு. அந்தக் குரலுக்கு ஆயுசு கம்மி. மிஞ்சிப்போனா நாலஞ்சு வருஷம், அப்புறம் உடைஞ்சிடும். நல்லாப் பழகி வர்ற நேரத்தில் போயிடும். இயக்குநருக்கு இது தெரியும், பையனுக்கும் தெரியும். தெரிஞ்சே தினமும் ஒத்திகைக்கு வர்றாங்க. அவங்க இடத்துக்கு வேற சின்னப் பையன்கள் வந்து நிப்பாங்க.

இந்த டிசம்பர் 24 ராத்திரி எட்டரைக்கு பிபிசியை ஆன்லைன்ல போட்டுப் பாருங்க. கொஞ்சம் முன்னாடியே போடுங்க, அந்த அமைதியும் கேட்கணும்.