தேநீர்க் கலங்களும் பெயர் வெட்டிய பாத்திரங்களும்



சப்பானியர் தேநீர்க் கலங்களைப் பற்றிப் பொருநைக் கரையில் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். நெல்லையில் தேநீர் என்றால் கண்ணாடிக் குவளையும் அவசரமுந்தான்! அவர்களுக்கோ அது ஒரு நெறி. அந்நெறியைச் செம்மை செய்த சென் நோ ரிக்கியூ (1522–1591), பகட்டான சீனக் கலங்களைவிட, சோஜிரோ என்பவர் சக்கரமின்றிக் கையால் வனைந்த கருங்கிண்ணத்தையே போற்றினார். ஒற்றை மூங்கில் துண்டைக் கீறிச் செய்த கடைகோல், மூங்கிலை வளைத்துச் செதுக்கிய சிற்றகப்பை, தேயிலைத் தூள் வைக்கும் சிமிழ் ஆகியன பிற கலங்கள்.

1591இல் ஹிதெயோஷியின் ஆணையால் உயிர் துறக்குமுன் ரிக்கியூ செதுக்கிய அகப்பையின் பெயர் ‘கண்ணீர்’. அதனைப் பெற்ற மாணவர் ஓரிபே, உறையில் சிறு சாளரம் திறந்து, அதனை ஆசானின் நினைவுப் பலகையாகவே வழிபட்டார் என்பர். இன்று நகோயாவில், தோக்குகாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிமிழுக்குத் துணியுறை உண்டு. இங்குத்தான் நம் கரை வருகிறது. சோழமண்டலத்துச் சாயத்துணி ‘சரசா’ என்றும், கோடிட்ட பருத்தித் துணி ‘சந்தோமே’ என்றும் அங்கே பெயர் பெற்றன. சந்தோமே என்பது நம் மயிலைச் சாந்தோமே. 1641 முதல் நாகசாகியின் தேசிமாவில் வாணிகம் செய்த டச்சுக் கும்பினியார்தாம் 1658இல் தூத்துக்குடியையும் கைக்கொண்டனர். நம்மிடம் நைந்து மறைந்த துணியின் சிறு துண்டுகளையும் அவர்கள் உறையாகத் தைத்தனர். ஏடுகளில் ஒட்டிக் காத்தனர்.

அவர்கள் கலத்துக்கே பெயர் சூட்டினர். நாம் சீர்ப்பாத்திரத்தில் உரியவரின் பெயரை வெட்டினோம். எவர்சில்வர் வந்தபின் வெண்கலப் பானைகள் எடைக்குப் போயின. எத்தனை ஆச்சிமார் பெயர்கள் உலையில் உருகினவோ! உருளி, சருவம், தோண்டி, கலயம், மொந்தை, போணி எனும் சொற்களும் உடன் போகின்றன. வகுப்பில் கேட்டால் யாவும் ‘பாத்திரம்’ என்ற ஒரே விடைதான்.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் ரீ அகழ்ந்தபோது கலங்கள் கிடைத்தன. அவற்றை வனைந்தோர் இல்லத்தில் வழங்கிய பெயர்கள் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். பாத்திரத்தை எடைக்குப் போடுமுன், அதன் பெயரையும் அதில் வெட்டியுள்ள பெயரையும் எழுதி வட்டத்துக்குத் தாருங்கள். பத்தமடையிலும் காருகுறிச்சியிலும் என் மாணவியர் திரட்டிய சில தாள்களைச் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன்.