ஏழு புள்ளிகளும் ஏழு கோடுகளும்



கணிப்பொறிச் சில்லில் மின்சாரத்தைச் செலவிடுவன கணக்கிடும் உறுப்புகள் மட்டுமே என்று பலர் எண்ணுவர். அவற்றை இணைக்கும் நுண்ணிய கம்பிகளும் இடத்தை அடைக்கின்றன, மின்சாரத்தை உண்கின்றன, சூட்டை உண்டாக்குகின்றன. எண்களைக் காக்கும் நினைவகங்கள் ஏழும், கணக்கிடும் செயலிகள் ஏழும் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு நினைவகத்தையும் ஒவ்வொரு செயலியோடும் இணைத்தால் 49 இணைப்புகள் வேண்டும். பாதிக்கு மேற்பட்டவற்றை நீக்கியும் வேலை கெடாமல் காக்க வழியுண்டா? உண்டு என்கிறது வடிவகணிதம்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கோணம் வரைந்து, அதன் முனைகளுக்குத் தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் என்று பெயரிடுங்கள். பக்கங்களின் நடுவே குரோம்பேட்டை, கீழ்க்கட்டளை, செம்பாக்கம் என்னும் மூன்று ஊர்களை முறையே குறியுங்கள். நட்ட நடுவில் அஸ்தினாபுரம். இப்போது புள்ளிகள் ஏழு. பக்கங்கள் மூன்றும் மூன்று கோடுகள். ஒவ்வொரு முனையிலிருந்தும் அஸ்தினாபுரத்தின் வழியே எதிர்ப்பக்கத்து ஊருக்குச் செல்வன மூன்று. குரோம்பேட்டை, கீழ்க்கட்டளை, செம்பாக்கம் மூன்றையும் தொடும் வட்டத்தையும் ஒரு கோடாகவே கொள்ளுங்கள். ஆகக் கோடுகளும் ஏழு. இத்தாலியக் கணித அறிஞர் ஜீனோ ஃபானோவின் பெயரால் வழங்கும் வடிவம் இதுவே.

இனிப் புள்ளிகளை நினைவகங்களாகவும் கோடுகளைச் செயலிகளாகவும் கருதுங்கள். ஒவ்வொரு செயலியும் தன் கோட்டிலுள்ள மூன்று நினைவகங்களோடு மட்டுமே இணையும். 49 இணைப்புகள் 21 ஆகிவிட்டன. பல்லாவரத்தில் ஓர் எண்ணும் செம்பாக்கத்தில் ஓர் எண்ணும் இருக்க, அவற்றைக் கூட்டவேண்டுமெனில், அவ்விரண்டையும் தொடும் செயலி ஒன்று உண்டு, ஒன்றே உண்டு. எந்த இரண்டு ஊர்களை எடுத்தாலும் இவ்வாறே. நினைவகச் சோடிகள் 21. செயலி ஒவ்வொன்றுக்கும் மூன்று சோடிகள். சோடிகள் சமமாகவே பங்கிடப்பட்டுள்ளன. நினைவகங்களும் செயலிகளும் 73 ஆகப் பெருகினால், 5329 இணைப்புகளுக்கு மாறாக 657 போதும்.

இத்தகைய வடிவங்களைச் சோதனைகளை வகுப்பதற்குப் பயன்படுத்தும் முறையைக் கல்கத்தாவில் ராஜ் சந்திர போஸ் 1939இல் விளக்கினார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற நரேந்திர கர்மார்க்கர், பல செயலிகள் ஒருங்கே இயங்கும் கணிப்பொறிக்கு இவ்வடிவகணிதத்தையே அடிப்படையாக 1991இல் முன்வைத்தார்.

இச்சிக்கனத்துக்கும் விலையுண்டு. ஒரு செயலி பழுதுற்றால் அதற்குரிய மூன்று சோடிகளுக்கு வேறு நேர்வழி இல்லை. கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடுவதால் அவற்றைப் பல அடுக்குகளில் அமைக்க வேண்டும். எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதே பொறியியலாரின் கடமையாகும்.

இது எங்கோ தொலைநாட்டார் கற்கும் கலை என்று எண்ணவேண்டாம். தாம்பரத்திலிருந்து மின்ரயிலில் கிண்டிக்குச் சென்றால், அதன் அருகிலேயே சென்னை ஐ.ஐ.டி. உள்ளது. அங்கே வடிவமைக்கப்பெற்ற ‘சக்தி’ வரிசைச் செயலியொன்று 2018இல் சண்டிகரை அடுத்த மொகாலியில் சில்லாக உருப்பெற்றது. அதன் அமைப்பு வேறு. எனினும், அத்தகைய வடிவமைப்பு நம் மாணவர்க்கும் கைவரும் என்பதற்கு அது சான்று.

உங்களுக்கு ஒரு கணக்கு. புள்ளிகள் 13, கோடுகள் 13, கோடொன்றுக்கு நான்கு புள்ளிகள். எந்த இரு புள்ளிகளும் ஒரே ஒரு கோட்டில் சேரவேண்டும். இன்றிரவே முயன்று பாருங்கள்.