எழுதும் கையைக் கூலிக்கு அமர்த்தலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரை)



கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் மசாலைத் தூள் அரைத்து விற்கும் ஒரு பெண்மணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா தொடங்கிய கடை. மிளகாயை எத்தனை நாள் காய வைப்பது, மீன் குழம்புத் தூளுக்கு மல்லி எவ்வளவு, அப்பா எதை முதலில் வறுப்பார் என்று வாரந்தோறும் ஒரு பக்கம் எழுதி, வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து வருகிறார். பொட்டலத்தோடு அந்தத் தாளையும் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

இப்போது வியாபாரம் பெருகிவிட்டது. இரவு பதினொரு மணிக்குக் கணக்கை முடித்துவிட்டுப் பேனாவை எடுத்தால் கண் சொக்குகிறது. "அக்கா, எதற்கு இந்தச் சிரமம்? பணம் கொடுத்தால் மாதம் நான்கு கட்டுரை எழுதித் தர ஆள் இருக்கிறார். கீழே உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார் தம்பி.

கொடுக்கலாமா, கூடாதா? அந்தப் பெண்மணிக்கு மட்டுமல்ல, எழுத நேரமில்லாத எல்லோருக்கும் உள்ள கேள்வி இது.

பிறர் கையால் எழுதிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. மலாயாத் தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டாளிகள், ஊருக்குக் கடிதம் போட வேண்டுமானால் பள்ளி ஆசிரியரிடமோ கிராணியாரிடமோதான் போவார்கள். சிங்கப்பூரிலும் ஐந்தடிப் பாதையில் மேசை போட்டுக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். எழுத்து அவர்களுடையது. ஆனால் "மாடு கன்று போட்டதா, தங்கச்சி கல்யாணம் என்ன ஆயிற்று?" என்ற கவலை அனுப்பியவருடையது. ஊரில் கடிதத்தைப் பிரித்தவர்கள் யாரும் அதைக் கிராணியாரின் கடிதம் என்று சொன்னதில்லை.

வியாசர் சொல்லச் சொல்ல விநாயகர் பாரதம் எழுதிய கதையை எல்லோரும் கேட்டிருப்போம். இடையில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும் என்று விநாயகர் நிபந்தனை போட்டார். பொருள் புரிந்த பிறகுதான் எழுத வேண்டும் என்று வியாசர் பதில் நிபந்தனை போட்டார். எழுத்துக்கு ஆள் வைக்க நினைப்பவர்களுக்கு அந்த இரண்டாவது நிபந்தனையே போதுமான பாடம்.

இனி, சொல்லுக்கும் உரிமையாளர் யார் என்ற சந்தேகம் வந்த ஒரு சம்பவத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஜான் கென்னடி அதிபராவதற்கு முன், 1956ஆம் ஆண்டில் 'புரொஃபைல்ஸ் இன் கரேஜ்' என்ற நூல் அவர் பெயரில் வெளிவந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசும் பெற்றது. 1957 டிசம்பரில், இதை வேறொருவர் எழுதிக் கொடுத்தார் என்று ஒரு பத்திரிகையாளர் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். கென்னடி தரப்பு வழக்கறிஞர் தலையிட, நிலையம் அந்தக் கூற்றை மீட்டுக்கொண்டது. ஆனால் பேச்சு ஓயவில்லை. கென்னடியின் உதவியாளர் தியோடர் சோரன்சன், பெரும்பாலான அத்தியாயங்களின் முதல் வரைவைத் தாமே எழுதியதாக 2008ஆம் ஆண்டில் தம் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். கென்னடி இறந்து 45 ஆண்டுகள் கழித்தும் அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

மால்கம் எக்ஸின் சுயசரிதை 1965இல் வெளிவந்தது. அவர் சொல்லியவற்றைக் கேட்டு எழுதியவர் அலெக்ஸ் ஹேலி. அவருடைய உதவியோடு எழுதப்பட்டது என்று நூலிலேயே அச்சிட்டார்கள். அதனால் மால்கம் எக்ஸின் பெருமை ஓர் அங்குலமும் குறையவில்லை. ஆகவே, உதவி பெறுவதில் தலைகுனிவு இல்லை. மறைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

மீண்டும் கிள்ளானுக்கு வருவோம். கூலிக்கு எழுதுபவருக்கு மில் தெரியாது, அப்பாவைத் தெரியாது. பக்கத்தை நிரப்ப வேண்டுமே! எங்கோ படித்ததை எடுத்து, "வெந்தயம் நீரிழிவைக் குணப்படுத்தும்" என்று எழுதிவிடுகிறார். கடைக்காரரும் அவசரத்தில் படிக்காமல் அச்சுக்குக் கொடுத்துவிடுகிறார். மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரம், விற்பனைச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய் போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று ஒரு பொருளை விளம்பரம் செய்ய அது தடை விதிக்கிறது. அதிகாரிகள் வந்தால் கடையைத்தான் தேடி வருவார்கள். அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அந்தத் தாளை நம்பி, ஒரு வயதான அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டால் யார் பதில் சொல்வது?

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்து எழுதச் சொன்னவருக்கே உரிமை மாறுகிறது. பாலத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. சிங்கப்பூரில், சம்பள ஊழியராக அல்லாமல் வெளியிலிருந்து எழுதிக் கொடுப்பவருக்கே அந்த உரிமை. மாற்றிக்கொள்ள வேண்டுமானால் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வேண்டும். இரு கரையிலும் ஒரு பக்க ஒப்பந்தம் பின்னால் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, "ஆள் எதற்கு, கணினியே எழுதித் தருமே" என்பவர்களும் உண்டு. நொடியில் எழுதித் தரும், உண்மைதான். ஆனால் ஈரம் போகாத மிளகாயைக் கையால் நொறுக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு நாள் காயட்டும்" என்று அப்பா சொன்னது அதற்கு எப்படித் தெரியும்? அந்தப் பெண்மணி சொன்னால்தான் தெரியும்.

அப்படியானால் வழி என்ன? கணக்கைக் கணக்காளரிடம் கொடுக்கிறோம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்கிறோம் அல்லவா? எழுத்திலும் அதே முறைதான். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், சொல்ல நினைப்பதைக் கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்யட்டும். எழுதத் தெரிந்தவர் அதை ஒழுங்குபடுத்தி, பிழை நீக்கித் தரட்டும். அவருக்கு நியாயமான கூலியும், தாளின் அடியில் 'எழுத்தாக்கம்' என்று அவருடைய பெயரும் கொடுக்க வேண்டும். அச்சுக்குப் போகுமுன் ஒரு முறை வாய்விட்டுப் படிப்பது அவசியம். தமக்குத் தெரியாத வரி வந்தால், அழகாக இருந்தாலும் அடித்துவிட வேண்டும். நான்கு வாரமும் முடியவில்லையா? மாதம் ஒன்று போதும். வாசகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கொடுக்கலாமா, கூடாதா என்று இன்னும் குழப்பமாக இருந்தால், ஒரு சோதனை உண்டு. நாளை ஒரு வாடிக்கையாளர் கடைக்கு வந்து, "அம்மா, போன வாரம் இப்படி எழுதியிருந்தீர்களே, ஏன்?" என்று கேட்கிறார். யாரையும் தொலைபேசியில் கூப்பிடாமல் அங்கேயே நின்று பதில் சொல்ல முடிந்தால், யார் கை எழுதியிருந்தாலும் அது அவருடைய எழுத்துதான். முடியாவிட்டால், கீழே அவர் பெயர் இருக்கக்கூடாது.